பேர்டா, மார்க்கோனி-இஎம்ஐயா? 1936இல் பிபிசியின் முன் இருந்த மூன்று வழிகள்

தொலைக்காட்சியின் தொடக்க வரலாற்றைப் படிக்கும் பலரும் ஓரிடத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். தொலைக்காட்சியை உலகுக்குக் காட்டியவர் ஜான் லோகி பேர்ட் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் 1936 நவம்பரில் தொடங்கிய பிபிசி தொலைக்காட்சி, 1937 பிப்ரவரிக்குள் அவருடைய நிறுவனத்தின் அமைப்பைக் கைவிட்டு, மார்க்கோனி-இஎம்ஐயின் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டது. இது நியாயமா, பெரிய நிறுவனம் தனி மனிதரை நசுக்கிய கதையா என்ற கேள்வி வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சாரார் பேர்டைத் தியாகியாக்குகிறார்கள். இன்னொரு சாரார் அவர் செய்ததெல்லாம் சுழலும் தகட்டு விளையாட்டு என்று தள்ளிவிடுகிறார்கள்.

இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு முடிவெடுக்க வேண்டியிருந்தவர்களின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தால்தான் விடை தெளியும். வழிகள் இரண்டு என்று வழக்கமாகச் சொல்வார்கள். உண்மையில் மூன்று இருந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 30 வரி ஒளிபரப்பை அப்படியே தொடர்வதும் ஒரு வழிதான் (வரி என்பது படத்தை உடைத்து அனுப்பும் கோடு; வரி கூடினால் தெளிவு கூடும்). அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

## எதை வைத்து அளப்பது?

1934 மே மாதம் செல்ஸ்டன் பிரபு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1935 ஜனவரியில் அதன் அறிக்கை வெளியானது. குறைந்தது 240 வரிகள், நொடிக்கு 25 படங்கள் கொண்ட உயர் தெளிவு ஒளிபரப்பை லண்டனில் தொடங்க வேண்டும். பொறுப்பு பிபிசியிடம் இருக்க வேண்டும். பேர்ட், மார்க்கோனி-இஎம்ஐ ஆகிய இரு அமைப்புகளையும் ஒரே இடத்திலிருந்து மாற்றி மாற்றி ஒளிபரப்பிச் சோதிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அந்த ஏற்பாட்டையும் பின்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இவை:

- தெளிவும் சிமிட்டலும் (படம் விட்டுவிட்டு மின்னுவது): ஒரு மணி நேரம் பார்த்தாலும் கண் நோகாத படமா?
- கேமராவின் சுதந்திரம்: நகருமா, வெளியே போகுமா, சாதாரண வெளிச்சத்தில் வேலை செய்யுமா?
- உடனடித்தன்மை: நடக்கும்போதே தெரிகிறதா?
- எட்டும் தூரம்: எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேரும்?
- செலவும் நம்பகமும்: ஒளிபரப்புபவருக்கு எவ்வளவு, பார்ப்பவருக்கு எவ்வளவு?
- வளர இடம்: பத்து ஆண்டு கழித்தும் இதே வழியில் மேலே போக முடியுமா?

இவற்றில் இரண்டாவதற்குத்தான் நான் அதிக எடை தருகிறேன். வரி எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடுபவர்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

## வழி ஒன்று: 30 வரி ஒளிபரப்பைத் தொடர்வது

1926 ஜனவரி 26 அன்று, லண்டன் சோஹோ பகுதியின் ஃப்ரித் தெருவில் ஒரு மாடி அறையில், ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் சுமார் 40 பேருக்கு பேர்ட் தன் கருவியை இயக்கிக் காட்டினார். அதற்கு முந்தைய அக்டோபரில் வில்லியம் டெயிண்டன் என்ற அலுவலகப் பையனைக் கருவியின் முன் உட்காரவைத்து முதன்முதலாக ஒரு மனித முகத்தை நிழல்களின் ஏற்ற இறக்கத்தோடு திரையில் பார்த்திருந்தார். வெளிச்சத்தின் சூட்டுக்குப் பயந்த பையனுக்கு அரை கிரவுன் கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

1929 செப்டம்பர் 30 முதல் பிபிசியின் வானொலி அனுப்பி (டிரான்ஸ்மிட்டர்) வழியாகச் சோதனை ஒளிபரப்புகள் தொடங்கின. தொடக்கத்தில் ஓர் அனுப்பிதான் கிடைத்தது. ஆகவே முதலில் படம், பிறகு ஒலி என்று மாறி மாறி அனுப்பினார்கள்! 1930 மார்ச்சில் புரூக்மன்ஸ் பார்க்கின் இரட்டை அனுப்பிகள் கைக்கு வந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து போயின. அதே ஆண்டு ஜூலையில் இத்தாலிய நாடகாசிரியர் பிராண்டெல்லோவின் ஒரு சிறு நாடகம் ஒளிபரப்பானது. 1932 ஆகஸ்டில் பிபிசி நிகழ்ச்சித் தயாரிப்பைத் தானே எடுத்துக்கொண்டது. யூஸ்டஸ் ராப் என்ற தயாரிப்பாளர் அந்தக் குறுகிய படத்துக்குள் நடனங்களைக்கூடக் கொண்டுவந்தார். 1935 செப்டம்பரில் இது நிறுத்தப்பட்டது.

படம் எப்படி இருந்தது? உயரம் 7, அகலம் 3 என்ற விகிதத்தில் நெடுக நிற்கும் ஒரு செங்குத்துப் பட்டை. 30 வரிகள், நொடிக்குப் பன்னிரண்டரைப் படங்கள். புள்ளிகளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,100. ஒரு முகத்தை அடையாளம் காணலாம். இரண்டு முகங்களை வைத்தால் திணறும். சிமிட்டல் கடுமை.

ஆனால் இதற்கு ஒரு பெரும் பலம் இருந்தது. சாதாரண வானொலி அலைவரிசை ஒன்றுக்குள்ளேயே இந்தப் படம் அடங்கிவிடும். ஆகவே மத்திய அலை எட்டும் இடமெல்லாம் படமும் எட்டியது. பொறியியல் ஆர்வம் உள்ள எவரும் ஒரு நியான் விளக்கு, ஒரு மோட்டார், துளையிட்ட ஒரு தகடு ஆகியவற்றை வைத்து வீட்டிலேயே பெட்டி கட்டிக்கொள்ளலாம். பலர் கட்டினார்கள். இன்னொரு பலன் பிற்காலத்தில்தான் தெரிந்தது: இந்தச் சைகை ஒலியின் அளவுக்குள் அடங்கியதால் கிராமபோன் தட்டிலேயே பதிய முடிந்தது. 1920களின் கடைசியிலும் 1930களிலும் பதிவான அத்தகைய தட்டுகள் சில தப்பிப் பிழைத்து, கணினி வழியாகச் சீர்செய்யப்பட்டு இன்று பார்க்கக் கிடைக்கின்றன. அதைவிடப் பல மடங்கு தெளிவான பின்னாளைய ஒளிபரப்புகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

ஆனால் மேலே வளர இடமில்லை. வரியைக் கூட்டினால் அலைவரிசை அகலம் கூட வேண்டும். மத்திய அலையில் அதற்கு இடம் கிடையாது. 405 வரிப் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் தேவை. மத்திய அலைப் பட்டை முழுவதையும் கொடுத்தாலும் போதாது. ஆகவே இந்த வழி ஒரு முட்டுச்சந்து. அதை மூடியதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆர்வலர்களுக்கு ஓர் ஆண்டாவது கூடுதலாக விட்டுவைத்திருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் உண்டு. 1935 செப்டம்பருக்கும் 1936 ஆகஸ்டில் ரேடியோலிம்பியா வானொலிக் கண்காட்சிக்காக நடந்த சோதனை ஒளிபரப்புக்கும் இடையே, சொந்தக் கையால் பெட்டி கட்டியவர்களின் தகடுகள் சும்மா சுழன்றன.

## வழி இரண்டு: பேர்ட் நிறுவனத்தின் 240 வரி

"பேர்ட் அமைப்பு" என்று ஒருமையில் சொல்வதே ஒரு குழப்பம். பிபிசி தொலைக்காட்சி இயங்கிய அலெக்சாண்ட்ரா மாளிகையில் அந்த நிறுவனம் வைத்தது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கருவிகளின் தொகுப்பு. அந்த நேரத்தில் நிறுவனம் காமான்ட்-பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் பிடியில் இருந்தது. தொழில்நுட்ப முடிவுகள் பேர்டின் கையில் இல்லை, கேப்டன் ஏ.ஜி.டி. வெஸ்ட் என்பவரின் கையில் இருந்தன. 1936இல் தோற்றது பேர்ட் என்ற மனிதரா, அவர் பெயர் தாங்கிய நிறுவனமா என்று பிரித்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் குறைந்தபட்ச நியாயம்.

ஓடும் ஒளிப்புள்ளி ஸ்டூடியோ. அறிவிப்பாளர் இருட்டறையில் உட்கார வேண்டும். சுழலும் தகட்டின் துளைகள் வழியாக வரும் ஒளிப்புள்ளி அவர் முகத்தை வரி வரியாகத் துழாவும். சிதறும் ஒளியை ஒளிமின்கலங்கள் பிடிக்கும். 60 துளைகள் கொண்ட தகடு நிமிடத்துக்கு 6,000 முறை, காற்று நீக்கிய உறைக்குள் சுழன்றது. நொடிக்கு 100 சுற்று, சுற்றுக்கு 60 வரி, ஆக 6,000 வரி. 240ஐ 25ஆல் பெருக்கினால் வருவதும் அதுவே. கணக்கு கச்சிதம். ஆனால் தலையும் தோளும் தெரியும் அளவுக்கு மேல் இதில் காட்ட முடியவில்லை. இருட்டில், முகத்தில் கனத்த ஒப்பனையோடு, எழுதியதைப் படிக்கவும் முடியாமல் அறிவிப்பாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இடைநிலை ஃபிலிம். இதுதான் அந்த நிறுவனத்தின் முக்கிய ஆயுதம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமை நெடுக இரண்டாகப் பிளந்த 17.5 மில்லிமீட்டர் ஃபிலிமில் கேமரா படம் பிடிக்கும். ஃபிலிம் அப்படியே கீழே இருந்த தொட்டிகளுக்குள் இறங்கி, டெவலப் செய்யப்பட்டு, கழுவப்பட்டு, ஈரத்தோடு, நீருக்கு அடியிலேயே ஒளிப்புள்ளியால் படிக்கப்படும். படம்பிடித்ததற்கும் ஒளிபரப்பியதற்கும் இடையே சுமார் 54 நொடி தாமதம். ஒலியையும் அதே ஃபிலிமில் பதிய வேண்டியிருந்ததால் அதன் தரமும் அடிவாங்கியது. வேகமாக வேலை முடிய சயனைடு கலந்த கரைசல் பயன்பட்டது. கேமரா, தொட்டிகளோடு பிணைந்த கனத்த எந்திரம். கண்ணாடிக்குப் பின்னால் தனி அறையில் நகராமல் நின்றது. நடிப்பவர் கேமராவைத் தேடிப் போக வேண்டும். கேமரா நடிப்பவரைத் தேடி வராது.

ஃபார்ன்ஸ்வொர்த் மின்னணு கேமரா. அமெரிக்கரான ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்திடம் உரிமம் பெற்றுக் கொண்டுவந்தது. தகடு இல்லை, தொட்டி இல்லை, நகர்த்தலாம். ஆனால் ஒளியுணர்வு மிகக் குறைவு. காரணத்தை விளக்க ஓர் உவமை போதும்: மழையில் ஒரே பாத்திரத்தை இடம் மாற்றி மாற்றி நீட்டி, அந்தந்தக் கணத்தில் விழும் துளியை மட்டும் பிடிப்பது ஃபார்ன்ஸ்வொர்த் முறை. முற்றம் முழுக்கப் பாத்திரங்களைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை நிரம்பிக்கொண்டே இருக்க, வரிசையாக எடுத்துக் கவிழ்ப்பது மார்க்கோனி-இஎம்ஐயின் எமிட்ரான் கேமரா முறை. மழை ஒன்றுதான், கிடைக்கும் நீர் ஒன்றல்ல.

ஒரு துறையில் மட்டும் பேர்ட் நிறுவனம் உறுதியாக நின்றது. ஏற்கெனவே எடுத்து வைத்த திரைப்படச் சுருளை ஒளிபரப்பும் கருவியில் அதன் படம் நன்றாகவே இருந்தது. ஃபிலிம்தான் உங்கள் மூலப்பொருள் என்றால் 1936இல் இது மதிக்கத்தக்க தேர்வு.

வளர இடம்? அதே 60 துளைத் தகட்டை வைத்துக்கொண்டு 405 வரிக்குப் போக வேண்டுமானால் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் வேண்டும். துளைகள் இன்னும் சிறிதாக வேண்டும். துளை சிறுத்தால் ஒளி குறையும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழியும் நிலை. குழு கேட்ட குறைந்தபட்சம் 240. பேர்ட் நிறுவனம் தந்ததும் சரியாக 240. அதற்கு மேல் ஏற அதன் எந்திரங்களால் முடியாது என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

## வழி மூன்று: மார்க்கோனி-இஎம்ஐயின் 405 வரி

இஎம்ஐ 1931இல் இரண்டு கிராமபோன் நிறுவனங்கள் இணைந்து உருவானது. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில் இருந்த அதன் ஆய்வகத்தை ரஷ்யாவிலிருந்து வந்த ஐசக் ஷோன்பர்க் நடத்தினார். ஆலன் ப்ளூம்லைன், ஜே.டி. மெகீ, சி.ஓ. பிரவுன், இ.எல்.சி. வைட் என்று அவர் திரட்டிய குழுவைப் போல இன்னொன்று அன்றைய பிரிட்டனில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அனுப்பியும் ஆன்டெனாவும் தெரிந்த மார்க்கோனி நிறுவனத்தோடு 1934இல் கைகோத்தார்கள்.

1935 தொடக்கத்தில் அவர்களிடம் 243 வரிதான் இருந்தது. குழுவின் நிபந்தனைக்கு அதுவே போதும். ஷோன்பர்க் 405க்குத் தாவ முடிவெடுத்தார். அந்த எண்ணில் வேலை செய்யும் அமைப்பு அப்போது யாரிடமும் இல்லை. இந்த வரலாறு முழுவதிலும் மிகத் துணிச்சலான முடிவு இதுவே என்பது என் கருத்து. எண்ணைத் தேர்ந்ததிலும் காரணம் இருந்தது: 405 என்பது நான்கு 3களையும் ஒரு 5ஐயும் பெருக்கி வருவது. சிறிய ஒற்றைப்படை எண்களாகப் பிரிக்க முடிந்ததால், ஒரே மூல அதிர்விலிருந்து வரியையும் படத்தையும் பிறழாமல் பிரித்தெடுக்கும் சுற்றுகளைக் கட்ட முடிந்தது.

இன்னொன்று, பின்னல் முறை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என நொடிக்கு 50 அரைப்படங்கள். அலைவரிசை அகலம் கூடாமலேயே சிமிட்டல் பெரும்பாலும் அடங்கியது. பேர்ட் அமைப்பின் 25 முழுப்படங்கள், திரை பிரகாசமாக இருக்கும்போது கண்ணைக் குத்தின. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே பெட்டியில் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எமிட்ரான் கேமராவுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. குழாய்க்குள் சிதறும் எலக்ட்ரான்களால் படத்தின் ஒரு பக்கம் காரணமில்லாமல் இருளும், இன்னொரு பக்கம் வெளுக்கும். ஒரு பொறியாளர் திருகுகளைத் திருப்பித் திருப்பி அதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டூடியோவில் கொளுத்தும் விளக்குகள் வேண்டும். ஆனால் அது நகரும். பகல் வெளிச்சத்தில் வெளியே போகும். நடப்பது நடக்கும்போதே தெரியும். இயக்குநர் ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். தொலைக்காட்சி என்று நாம் இன்று அழைக்கும் கலை அங்கேதான் தொடங்குகிறது.

"இது அமெரிக்கச் சரக்கு, பேர்டுடையதுதான் பிரிட்டிஷ்" என்று அன்று ஒரு வாதம் ஓடியது. இன்றும் சிலர் சொல்கிறார்கள். எமிட்ரானும் அமெரிக்காவில் ஸ்வோரிகின் உருவாக்கிய ஐகனோஸ்கோப் கேமராக் குழாயும் நெருங்கிய உறவு கொண்டவை. இஎம்ஐக்கு ஆர்சிஏ என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்தோடு தொடர்பும் இருந்தது. ஆனால் ஃபார்ன்ஸ்வொர்த் கேமராவும் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. இடைநிலை ஃபிலிமுக்கோ ஜெர்மனியில் ஃபெர்ன்சே நிறுவனம் வழிகாட்டியது. பிறப்புச் சான்றிதழ் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எதிர்மின் கதிர்க் குழாயை (பழைய பெட்டிகளின் படக்குழாய் இந்த வகை) அனுப்பும் முனையிலும் பார்க்கும் முனையிலும் வைத்துத் தொலைக்காட்சி அமைக்கலாம் என்று 1908லேயே எழுதியவர் கேம்பல் ஸ்வின்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | 30 வரி | பேர்ட் 240 | மார்க்கோனி-இஎம்ஐ 405 |
|---|---|---|---|
| படங்கள் (நொடிக்கு) | 12.5 | 25 முழுப்படம் | 25. பின்னலாக 50 அரைப்படம் |
| சிமிட்டல் | கடுமை | தெரியும் | பெரும்பாலும் இல்லை |
| கேமரா | நகராது | பெரும்பாலும் நகராது | நகரும், வெளியே போகும் |
| தாமதம் | இல்லை | ஃபிலிம் முறையில் சுமார் 54 நொடி | இல்லை |
| எட்டும் தூரம் | நாடு முழுக்க | லண்டனைச் சுற்றி | லண்டனைச் சுற்றி |
| திரைப்படச் சுருள் | பொருந்தாது | நன்று | நன்று |
| வளர இடம் | இல்லை | மிகக் குறைவு | உண்டு |

தூரத்தைப் பற்றி ஒரு சொல். அலெக்சாண்ட்ரா மாளிகை வடக்கு லண்டனில் ஒரு குன்றின் மேல் நிற்கிறது. ஆன்டெனாவின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 அடி. படம் 45 மெகாஹெர்ட்ஸிலும் ஒலி 41.5 மெகாஹெர்ட்ஸிலும் போயின. இந்த அலைகள் அடிவானத்தைத் தாண்டி அதிகம் வளையாது; எதிர்பார்த்த எல்லை 25 மைல் அளவு. வளிமண்டலத்தின் மேலடுக்கு கைகொடுத்த 1938 நவம்பரில், நியூயார்க்கருகே ஆர்சிஏ பொறியாளர்கள் லண்டன் படத்தைப் பிடித்து ஃபிலிமில் பதிவு செய்தார்கள். போருக்கு முந்தைய பிபிசி நேரடி ஒளிபரப்பிலிருந்து இன்று நமக்கு எஞ்சியிருப்பது கடல் கடந்து போய்ச் சேர்ந்த அந்த மங்கலான துண்டுதான்.

## கண்ணில் படாத செலவுகள்

இரட்டைச் சோதனையின் செலவு. 1936 நவம்பர் 2 அன்று பிற்பகல் 3 மணிக்குத் தொடக்க விழா. நாணயம் சுண்டியதில் பேர்ட் தரப்பு வென்று முதலில் ஒளிபரப்பியது. அது முடிந்ததும் அதே விழாவை, அதே பேச்சுகளோடு, மார்க்கோனி-இஎம்ஐ ஸ்டூடியோவில் இன்னொரு முறை நடத்தினார்கள். பிபிசித் தலைவர் ஆர்.சி. நார்மன், அஞ்சல் துறை அமைச்சர் டிரையன், செல்ஸ்டன் பிரபு எல்லோரும் இரண்டு தடவை பேசினார்கள். அடேல் டிக்ஸன் இரண்டு தடவை பாடினார். அதன் பிறகு வாரத்துக்கு ஓர் அமைப்பு. இரண்டு ஸ்டூடியோ, இரண்டு பொறியாளர் அணி. ஒரு வாரம் நடமாடும் நாடகம், மறு வாரம் நகராத கேமராவின் முன் அதைக் குறுக்கித் தர வேண்டிய கட்டாயம். பார்ப்பவர் வீட்டுப் பெட்டியும் இரண்டு முறைகளுக்கும் மாறும் சுவிட்சோடு வர வேண்டியிருந்தது. அந்தச் செலவு கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழுந்தது.

இவ்வளவு இருந்தும் அந்தச் சோதனை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சோதிக்காமல் பேர்டை விலக்கியிருந்தால் அந்தக் காயம் இன்றுவரை ஆறியிருக்காது. தன் பெயரை நாடே தொலைக்காட்சியோடு சேர்த்துச் சொன்ன காலத்தில், தொடக்க விழா மேடையில் பேர்டுக்கு இடம் தரப்படவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அமைப்பைத் தோற்கடித்தது நியாயம்; மனிதரை ஓரத்தில் உட்காரவைத்தது நியாயமில்லை.

ஃபிலிமின் செலவு. இடைநிலை ஃபிலிம் முறையில் ஒளிபரப்பின் ஒவ்வொரு நிமிடமும் ஃபிலிமையும் ரசாயனத்தையும் தின்றது. எமிட்ரானில் ஒரு மணி நேரம் ஓடினாலும் அப்படி எதுவும் கரைவதில்லை. தினமும் ஒளிபரப்பும் நிலையத்துக்கு இது சின்ன வேறுபாடு அல்ல.

பூட்டிக்கொள்வதன் செலவு. மார்க்கோனி-இஎம்ஐயைத் தேர்ந்ததிலும் ஒரு விலை மறைந்திருந்தது; அது தலைமுறை கடந்து வந்து சேர்ந்தது. பெட்டிகள் விற்ற பிறகு வரி எண்ணிக்கையை மாற்ற முடியாது. போருக்குப் பின் 1946இலும் அதே 405 வரியில்தான் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதி 625க்குப் போனபோது பிரிட்டன் பின்தங்கியது. 1964இல் பிபிசி 2 புதிய 625 வரியில் தொடங்கியது. 405 வரி ஒளிபரப்பு 1985 ஜனவரி வரை கூடவே ஓடியது. முந்திக்கொண்டவர் கட்டும் வட்டி இது. தெரிந்திருந்தாலும் அதைக் கட்டியிருக்கத்தான் வேண்டும் என்பேன். இல்லாவிட்டால் இன்னும் நல்லது வரட்டும் என்று காத்தே காலம் போயிருக்கும்.

விபத்து. 1936 நவம்பர் 30 இரவு கிறிஸ்டல் மாளிகை எரிந்தது. பேர்ட் நிறுவனத்தின் ஆய்வகங்களும் கருவிகளும் அங்கேதான் இருந்தன. அதனால்தான் தோற்றார்கள் என்பது பரவலான நம்பிக்கை. தொட்டிக்குள் ஃபிலிம் கழுவும் முறை அந்தத் தீ இல்லாவிட்டாலும் நீடித்திருக்காது என்பதே என் எண்ணம். பறிபோனது ஃபார்ன்ஸ்வொர்த் கேமராவை மேம்படுத்தக் கிடைத்திருக்கக்கூடிய அவகாசம் மட்டுமே.

## எந்தச் சூழலில் எது?

நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஆர்வலர்களுக்குக் குறைந்த செலவில் ஏதாவது எட்ட வேண்டும், படம் பேருக்கு இருந்தால் போதும் என்றால் 30 வரி. இன்றும் பள்ளியில் ஒரு மாதிரி செய்து காட்ட நினைப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். தகடும் ஒளியுமாகக் கண் முன்னே நடப்பதால், படம் எப்படி வரிகளாக உடைந்து மீண்டும் சேர்கிறது என்பது மாணவருக்குப் பார்த்தவுடன் பிடிபடும்.

கையில் திரைப்படச் சுருள்கள் நிறைய இருந்து, நேரடிக் காட்சிகள் தேவையில்லை என்றால், 1936இல் பேர்ட் 240 பயன்பட்டிருக்கும். அந்த நிறுவனம் பிறகு திரையரங்கில் பெரிய திரைத் தொலைக்காட்சி காட்டுவதில் முன்னேறியதும் தற்செயல் அல்ல. 1939 பிப்ரவரியில் பூன், டனஹர் குத்துச்சண்டையை லண்டன் திரையரங்குகளில் கட்டணம் செலுத்தி மக்கள் பார்த்தார்கள். ஒளிபரப்பு பிபிசியுடையது, திரையில் விரித்துக் காட்டியதில் பேர்ட் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

உலகில் நடப்பதை நடக்கும்போதே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் மார்க்கோனி-இஎம்ஐயைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தீர்ப்பு வந்த மூன்று மாதத்தில் அது நிரூபணமானது. 1937 மே 12, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் ஹைட் பார்க் மூலையைக் கடந்தபோது மூன்று எமிட்ரான் கேமராக்கள் அங்கே காத்திருந்தன. படம் இதற்கென இடப்பட்ட கேபிள் வழியே போனது. ஜூனில் விம்பிள்டன் டென்னிஸ். 1938இல் கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டம். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று மியூனிக்கிலிருந்து திரும்பிய பிரதமர் சேம்பர்லின் ஹெஸ்டன் விமான நிலையத்தில் இறங்கியதையும் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். இவற்றில் ஒன்றையாவது தொட்டியோடு பிணைந்த கேமராவைக் கொண்டு தினப்படி வேலையாகச் செய்ய முடிந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

## பெட்டி வாங்குபவரின் கணக்கு

குழுவின் முடிவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதே குளிர்காலத்தில் லண்டன் கடைத்தெருவில் நின்ற குடும்பத் தலைவருக்கும் ஒரு முடிவு காத்திருந்தது: இப்போதே வாங்குவதா, பொறுப்பதா?

1936இல் ஹெச்எம்வி 901 அல்லது மார்க்கோனிஃபோன் 702 பெட்டியின் விலை 95 கினி. ஏறக்குறைய 100 பவுண்டு. ஃபோர்டு நிறுவனம் ஒரு சிறிய காரையே அந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. படக்குழாய் நீளமாக இருந்ததால் அதை நிமிர்த்தி நிறுத்தி, மூடியில் பதித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிறு தவிர்த்துப் பிற்பகல் ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் மட்டுமே நிகழ்ச்சி. லண்டனுக்கு வெளியே குடிபெயர்ந்தால் பெட்டி வெறும் மரச்சாமான்.

காத்திருந்தவருக்குச் சில மாதங்களில் பலன் கிடைத்தது. ஒரே முறை என்று முடிவானதும் சுவிட்சும் கூடுதல் சுற்றுகளும் தேவையற்றுப் போயின, விலை இறங்கியது, சிறிய திரைகளோடு எளிய பெட்டிகள் வந்தன. பணம் எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு 1937 வசந்தம் வரை பொறுக்கும்படிதான் நான் சொல்லியிருப்பேன். ஆனால் மிக நீண்ட காலம் பொறுத்தவர்கள் ஏமாந்தார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று, போரின் வாசலில், அனுப்பி நிறுத்தப்பட்டது. அதற்குள் விற்றிருந்தவை ஏறத்தாழ 20,000 பெட்டிகள். அந்தக் கோடையின் கடைசியில் வாங்கியவர்கள் சில வாரம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1936இல் முழு விலை கொடுத்தவர்களுக்கோ மூன்று ஆண்டுகள் கிடைத்தன. குண்டுவீச்சில் பெட்டி தப்பியிருந்தால், 1946 ஜூன் 7 அன்று சேவை மீண்டும் தொடங்கியபோது அதே பெட்டியில், அதே 405 வரியில், எதையும் மாற்றாமல் படம் பார்க்கவும் முடிந்தது.